ஓலைக்கு முன் கேட்ட கேள்விகள்

2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை. 4.35க்கு எழுந்தேன். 5.20க்கு ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் ஏறினேன். முதல் ஷிப்ட். உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் அளவுக் கருவிகளின் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று சரிபார்க்கப் பதினான்கு வெர்னியர் காலிப்பர்கள் வந்தன. ஒன்றில் 0.04 மில்லிமீட்டர் பிசகு இருந்தது. சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கி வைத்தேன். மதியம் எலுமிச்சை சாதம், அப்பளம். 2.50க்கு வீடு வந்து, குளித்து, கால்மணி நேரம் படுத்தேன். ஐந்து மணிக்கு சபைக் குழுக் கூட்டம். அதற்கு நான் செயலாளர். கூட்டக் குறிப்பேடு ஏழு வருடமாக என் கையில் இருக்கிறது.

ஆலயத்தை ஒட்டிய சின்ன அறையில் கூடினோம். ஆயர், பொருளாளர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், வாய் திறக்காத இன்னும் இரண்டு பேர், நான். குழுவில் இருக்கும் ஒரே பெண் உறுப்பினருக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். மேசையில் மிக்சர் தட்டு, டீ. பேச வேண்டியது ஒரே விஷயம்தான். ஒரு கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பது.

எங்கள் சபையில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்கள் பெயரை வாசித்து, ஆட்சேபம் உண்டானால் தெரிவிக்கச் சொல்வோம். அதைத்தான் ஓலை என்கிறோம். மார்ச் 5 சாம்பல் புதன். லெந்து என்னும் தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளையை மார்ச் நடுவில் குஜராத் ஆலைக்கு மாற்றியிருந்தார்கள். அதனால் மறுநாளே முதல் ஓலை வாசித்தாக வேண்டும்; மிஞ்சிப்போனால் அடுத்த ஞாயிறு.

பெண் எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றவள், பாடகர் குழுவில் பாடுகிறவள். பையன் திருநெல்வேலிப் பக்கம். அவனுக்கும் ஞானஸ்நானச் சான்று இருந்தது, நம்பிக்கைதான் இல்லை. இருவரும் ஒரு வருடமாக இருங்காட்டுக்கோட்டையில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அதை மறைக்கவும் இல்லை. அந்த ஒரு வருடமாகப் பெண்ணின் அம்மா அவளோடு பேசவில்லை. கோயிலில் கல்யாணம் நடந்தால் வருவேன், இல்லையென்றால் பெண்ணே இல்லை என்று சொல்லியிருந்தார். ஞாயிறுதோறும் மகள் பாடுவாள். அம்மா நான்காவது வரிசையில் வேதாகமத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருப்பார்.

அவர்கள் வாழ்ந்த விதம் எனக்கும் ஒப்புதல் இல்லை. உடலுறவு திருமணத்துக்குள் இருக்க வேண்டியது என்று நம்புகிறவன் நான். இன்றும் அதுவே என் நம்பிக்கை.

இருவரையும் உள்ளே கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, ஆயர் பையனிடம் முதலில் கேட்டார். "கல்யாணம்னா என்னன்னு நீங்க நினைக்கிறீங்க தம்பி?"

"ரெண்டு பேரும் சேந்து இருப்போம்னு பேசி முடிவெடுத்தா அதுதான்யா கல்யாணம். எங்களுக்கு அது போன வருசமே முடிஞ்சிட்டு. ஆனா அவ சாமி கும்பிடுதா. அவளுக்கு இது வேணும். அதுக்காக நம்புதேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அவனிடம் அத்தோடு முடிந்தது. அடுத்து பொருளாளர் நாற்காலியைப் பெண் பக்கம் திருப்பிப் போட்டார். அவர் ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் எடுத்திருப்பவர்.

"இன்னாம்மா, ஒரே ரூமா, ரெண்டு ரூமா?"

"ஒரு ரூம், ஒரு கிச்சன் சார்."

"கட்டிலு?"

"கட்டில் இல்ல சார். பாயி."

"ஒரு பாயா?"

அவள் பதில் சொல்லவில்லை. அவர் மிக்சரில் வேர்க்கடலையை மட்டும் பொறுக்கி வாயில் போட்டு, விரலைச் சப்பிவிட்டுத் தொடர்ந்தார். "நீ காலைல ஏ ஷிப்ட்டு. அவன் நைட்டு சி ஷிப்ட்டு. நீ வரும்போது அவன் தூங்கினு இருப்பான். அப்போ ரெண்டு பேரும் வூட்ல ஒண்ணா கீற நேரம் எது?"

ஷிப்ட் கணக்கு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதை இதற்கும் போட்டுப் பார்க்க முடியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

"ஞாயித்துக்கெழம சார்," என்றாள் அவள். "காலைல நான் கோயிலுக்கு வந்துருவேன். அவரு துணி தொவைப்பாரு."

வாய் திறக்காதவர்களில் ஒருவர் சிரித்தார். தலைமை ஆசிரியர் சிரிக்கவில்லை. அவர் குரல் மிகவும் கனிந்துவிட்டது. எனக்கு அந்தக் கனிவுதான் அதிக அருவருப்பாக இருந்தது. "கூச்சப்படாம சொல்லும்மா. நாங்க உன் தகப்பன் மாதிரி. மாசா மாசம் ஒழுங்கா ஆகுதா? கடைசியா எப்ப ஆச்சு?"

பெண் ஆயரைப் பார்த்தாள். ஆயர் டீ டம்ளரைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். பையன் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, "குடிக்கியா?" என்று அவளிடம் நீட்டினான். அந்த அறையில் அந்த ஒரு மணி நேரத்தில் அவளுக்காகக் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான்.

கடைசியில் முடிவு எடுத்தார்கள். பெண் மருத்துவப் பரிசோதனை ரிப்போர்ட் கொண்டுவர வேண்டும். ஆராதனையில் முன்னால் வந்து நின்று சபையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை ஓலை இல்லை.

"நானும் வந்து நிக்கணுமா?" என்று பையன் கேட்டான்.

"நீதான் நம்பலன்றியே. உன்ன நிக்கவச்சி இன்னா புண்ணியம்?" என்றார் பொருளாளர்.

நம்பாதவனுக்கு ஒன்றும் இல்லை, நம்புகிறவளுக்கு மட்டும் தண்டனை. இதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கவில்லை.

"இயேசப்பாகிட்ட எப்பவோ மன்னிப்பு கேட்டுட்டேன் சார்," என்றாள் அவள். "எங்கம்மா பாக்க முன்னால வந்து நிக்க மாட்டேன். ஓலை இல்லன்னா வேணாம்."

இருவரையும் வெளியே வேப்பமரத்தடியில் உட்காரச் சொன்னார்கள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற இடங்களில் குறிப்பை அடுத்த கூட்டத்தில் வாசிப்பார்கள். இங்கே பாதிப் பேர் ஷிப்ட் வேலைக்காரர்கள். அடுத்த மாதம் யார் வருவார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் அன்றே எழுதி, அன்றே வாசித்து, அன்றே எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். அன்றும் வாசித்தேன்.

தைரியத்தால் எழுதினேன் என்று சொன்னால் பொய். அருவருப்பு தாங்காமல் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததும் கை பழக்கத்தில் எழுதிக்கொண்டே போயிற்று. கேள்வி, கேட்டவர், பதில். பெண்ணிடம் கேட்ட பதினேழு கேள்விகள், பக்கம் 131, 132. என் கையெழுத்து கோடு போட்டதுபோல இருந்தது.

"கேள்வி மூன்று. கேட்டவர் பொருளாளர். ஒரு பாயா? பதில் இல்லை. கேள்வி நான்கு. கேட்டவர் பொருளாளர். ஒரு வீட்டில் இருவரும் ஒன்றாக இருக்கும் நேரம் எது?"

எட்டாவது கேள்விக்கு வரும்போது தலைமை ஆசிரியர் கையைத் தூக்கினார். "இதையெல்லாம் எதுக்கு எழுதுனீங்க?"

"நீங்க கேட்டீங்க சார்."

"கேட்டா? அப்படியே எழுதிடுறதா? இந்த நோட்டு டயோசீஸ் ஆபீசுக்குத் தணிக்கைக்குப் போகும்யா."

"போகும் சார். மீதியையும் வாசிக்கிறேன், கையெழுத்துப் போடுங்க."

"இன்னாபா, எங்கள மாட்டி வுடப் பாக்குறியா?" என்றார் பொருளாளர். மிக்சர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

பிறகு ஆயர் மெதுவாகச் சொன்னார். "இப்படிச் செய்யலாமா? அந்த ரெண்டு பக்கம் வேண்டாம். ரிப்போர்ட், மன்னிப்பு, அதுவும் வேண்டாம். நாளைக்கு ஓலை வாசிச்சிடுவோம்."

எல்லோரும் உடனே தலையாட்டினார்கள். என்னைப் பார்த்தார்கள்.

மறுத்தால் ஓலை இல்லை. நான் என் பையிலிருந்து ஸ்கேலும் பிளேடும் எடுத்து, தையல் ஓரமாக அந்தத் தாளை அறுத்து ஆயரிடம் கொடுத்தேன். அவர் நான்காகக் கிழித்து டீ டம்ளருக்குள் போட்டார். 133ஆம் பக்கத்தில் "ஓலை வாசிக்க ஒருமனதாக அனுமதி" என்று ஒரே வரி எழுதினேன். ஆறு பேர் கையெழுத்துப் போட்டோம். ஒருமனதாக. அந்தச் சொல்லை எழுதிய பேனாவைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

வெளியே போய்ச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அம்மா வருவாங்களா சார், நாளைக்கி?" என்று மட்டும் கேட்டாள். எப்போதும் வருகிறவர்தானே என்றேன்.

ஏழரைக்கு வீட்டில் இட்லி. என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சட்னியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள். "என்னை யாரும் ஒண்ணுமே கேக்கல. மணிமங்கலத்துல பொண்ணு பாத்துட்டு நீங்க பஸ் ஏறிட்டீங்க. எங்கப்பா வந்து தேதிய சொன்னாரு. பீடத்துல ஆயர் சம்மதமான்னு கேக்கும்போதுதான் எனக்கும் ஒரு கேள்வி இருக்குதுன்னே தெரியும்."

"நான் கேட்டிருக்கணும்."

"இருபத்தாறு வருசம் ஆச்சு. இன்னொரு இட்லி வைக்கவா?"

வேண்டாம் என்றேன். எங்கள் ஓலையும் மூன்று ஞாயிறு வாசிக்கப்பட்டது. ஆட்சேபம் யாருக்கும் இருக்கவில்லை. அவளுக்கு இருந்ததா என்று நான் இத்தனை நாளில் நினைத்துப் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு. 4.40க்கு எழுந்தேன். பல்கூட விளக்காமல் குறிப்பேட்டை எடுத்து, 130ஆம் பக்கத்தின் அடியில் எழுதினேன்: "பக்கம் 131, 132 செயலாளராகிய என்னால் 8.2.2025 அன்று மாலை, குழுவின் முன்னிலையில் அறுத்து அகற்றப்பட்டன. அவற்றில் பதினேழு கேள்விகள் இருந்தன." கீழே கையெழுத்தும் தேதியும் போட்டேன்.