கச்சானுக்கு எதிரே ஓர் உதை

யுத்தம் முடிந்த மறு வருடம் எங்கள் துறைமுகச் சங்கத்துக்குப் புத்தி பிசகியது. அகில இந்தியக் கால்பந்துக் கோப்பைக்கு விண்ணப்பம் போட்டார்கள். சங்கம் என்றதும் ஏதோ கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பெஞ்சு, இரண்டு பந்து (அதில் ஒன்று தையல் விட்டது), பிறகு ஒரு செயலாளர். செயலாளருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவதென்றால் உயிர். எழுத விஷயம் கிடைக்காத ஏதோ ஒரு வாரத்தில்தான் இந்த விண்ணப்பத்தை எழுதியிருப்பார் என்பது என் அபிப்பிராயம். அவர்களும் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். யுத்தத்தில் பாதி அணிகள் கலைந்து போயிருந்த நேரம், யார் கேட்டிருந்தாலும் சேர்த்திருப்பார்கள்.

தோற்றவன் மூட்டை கட்ட வேண்டியது, ஜெயித்தவன் அடுத்த சுற்றுக்குப் போக வேண்டியது, அவ்வளவுதான் போட்டி. எங்களுக்கு முதல் இரண்டு சுற்றும் தூத்துக்குடியிலேயே விழுந்தன. இரண்டையும் தாண்டினால் கல்கத்தாவுக்கு ரயில். அங்கே மைதானம் முழுக்கப் புல் என்று சொன்னார்கள். எங்கள் மைதானத்தில் மணலும் கிளிஞ்சலும்தான். கோல் கம்பத்துக்குப் பின்னால் கட்டியிருந்தது மீன் பிடித்து ஓய்ந்த பழைய வலை. ஆடியதெல்லாம் வெறுங்காலில்.

எங்கள் காப்டன் ஒரு தோணித் தண்டல், அதாவது தோணியை ஓட்டிப்போகிற தலைவர். அந்தக் காலத்தில் கப்பல் எதுவும் கரைக்கு வராது. ஆழம் போதாமல் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கெல்லாம் பாய் விரித்த தோணியில்தான் போய்வர வேண்டும். ஆகையால் காற்று தெரியாதவன் தண்டல் இல்லை. எங்கள் காப்டனுக்கோ மற்ற தண்டல்களைவிட ஒரு படி அதிகமாகவே தெரியும். காலையில் பாய் ஏற்றுமுன், "காத்து எப்படிண்ணே?" என்று தோணி கட்டும் பாலம் முழுக்க அவரைத்தான் கேட்பார்கள். அந்தப் பெருமையை அவர் மீசையைப் போலப் பேணி வளர்த்தார். தப்பு என்று எதையும் ஒப்புக்கொண்டது கிடையாது. ஒருமுறை தோணியை மணல்திட்டில் ஏற்றிவிட்டு, திட்டு இடம் மாறிவிட்டது என்று சாதித்தார்.

வயது முப்பத்தெட்டு. விண்ணப்பத்தில் செயலாளர் ஆறு வருடம் குறைத்திருந்தார். வலது முட்டி ஆட்டம் முடிந்ததும் பன்றிக்குட்டி மாதிரி வீங்கிக்கொள்ளும்.

"இந்த வருசத்தோட இந்த முட்டி போதும்னு சொல்லிரும்ல. அதுக்குள்ள ஒரே ஒரு தடவ புல்லுல ஆடிப் பாத்துரணும்" என்று என்னிடம் சொன்னார். வேறு யாரிடமும் இப்படிக் கெஞ்சும் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

நான் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. உயரமாக இருந்தேன், ஓட வராது. இந்த இரண்டு தகுதியால் கோல்கீப்பர் ஆனேன். ஆபீஸ் கொடுத்த வியாதி ஒன்று என்னிடம் உண்டு: கடிகாரம். கோல் கம்பத்துக்கு நடுவிலும் கைக்கடிகாரத்தோடுதான் நிற்பேன்.

முதல் சுற்றுக்குக் காப்டன் போட்ட திட்டம் இதுதான். மைதானம் கிழக்கு மேற்காகக் கிடந்தது. பகல் முழுக்க மேற்கேயிருந்து கச்சான் அடிக்கும். சாயங்காலம் அது தணிந்து கடலிலிருந்து கொண்டல் கிளம்பும். டாஸ் ஜெயித்து முதல் பாதியில் கிழக்கு நோக்கி ஆடினால் கச்சான் முதுகுக்குப் பின்னால். இடைவேளையில் பக்கம் மாறி மேற்கு நோக்கி ஆடும்போது கொண்டலும் முதுகுக்குப் பின்னால். எதிராளிக்கு இரண்டு பாதியும் மூஞ்சியில் மணல்.

அப்படியே நடந்தது. வந்தவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் அணி, எல்லாரும் பூட்ஸ் போட்ட கனவான்கள். மூன்று கோல் வாங்கினார்கள். மூன்றாவது, நான் கையிலிருந்து உயரத் தூக்கி உதைத்த பந்து. கொண்டல் அதை அப்படியே தாங்கிக்கொண்டு போய் அவர்கள் கோல்கீப்பரின் தலைக்கு மேல் இறக்கிவிட்டது. ஜனம் என்னைத் தோளில் தூக்கியது. அவர்கள் காப்டன் கை குலுக்கும்போது, "காத்தையும் டீம்ல சேத்திருக்கீங்களாங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அடுத்த ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்து, காற்று எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று தினமும் குறித்தேன். ஐந்து மணி ஐந்து நிமிடம், கொஞ்சம் முன்னே பின்னே. கடலைக் கரைத்துக் குடித்துவிட்ட மாதிரி அந்தத் தாளைக் காப்டனிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவே இல்லை. "காத்துக்கு ஒன் கடியாரம் பாக்கத் தெரியாதுல" என்றார்.

இரண்டாம் சுற்றுக்கு வந்தது ஒரு பட்டாள அணி. டாஸ் எங்களுக்கே விழுந்தது. முதல் பாதியில் கச்சானோடு ஆடி ஒரு கோல் போட்டோம். இடைவேளைக்கு மணி ஐந்து. கச்சான் தணியவில்லை. காப்டன் மேற்கே கன்னத்தைக் காட்டிக் கொஞ்ச நேரம் நின்றார்.

"இன்னைக்கு இவன் போறாப்ல இல்ல. பந்து தரையிலயே கெடக்கணும்" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ ஒசக்க அடிச்சே, தொலச்சுப்புடுவேன்."

"அஞ்சு அஞ்சுக்கு மாறிரும் அண்ணாச்சி" என்றேன்.

மாறவில்லை. இப்போது மூஞ்சியில் மணல் எங்களுக்கு. பட்டாளத்தார் ஒன்றைத் திருப்பிப் போட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று. காயல்பட்டினத்துப் பையன் ஒருவன், எங்கள் ரைட் ஹாஃப், கோல் கோட்டிலேயே விழுந்து இன்னொன்றைத் தடுத்தான். காப்டன் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே நடு மைதானம் முழுவதையும் காத்தார். பத்து நிமிடம் பாக்கி.

அப்போது பந்து என் கைக்கு வந்தது. பிடரியில் லேசாக ஒரு குளிர்ச்சி பட்டது. கடல் என் முதுகுக்குப் பின்னால்தானே இருக்கிறது, கொண்டல் வந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். வியர்வை காய்ந்தால்கூட அப்படிக் குளிரும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. நடு மைதானத்திலிருந்து காப்டன் உள்ளங்கையைக் கீழே அமுக்கி அமுக்கிக் காட்டினார். "தாழ! தாழ அடிலே!" என்று கத்தினார்.

கேட்டது. நன்றாகவே கேட்டது. கையையும் பார்த்தேன். ஆனால் எனக்குப் போன வாரத்துக் கைதட்டல் இன்னொரு தடவை வேண்டியிருந்தது. உயரத் தூக்கி உதைத்தேன்.

பந்து கிளம்பியது, நின்றது, வீட்டில் எதையோ வைத்துவிட்டு வந்தவன் மாதிரி திரும்பியது. நான் பின்வாக்கில் ஓடினேன். எனக்குத்தான் ஓட வராதே. தலைக்கு மேல் போய் எங்கள் வலையிலேயே விழுந்தது.

அதோடு சரி. இரண்டுக்கு ஒன்று. விசில் ஊதியதும் ஜனம் என்னைச் சூழ்ந்துகொண்டது. இந்தத் தடவை தோளில் தூக்க அல்ல. யாரோ மணலை வாரி அடித்தான். பாலத்துத் தண்டல்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள்.

"எவம்ல ஒன்னய ஒசக்க அடிக்கச் சொன்னது?" என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். காப்டன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். சட்டையைப் பிடித்த கையை எடுத்துவிட்டார்.

"நாந்தான் சொன்னேன். கொண்டல் வந்துட்டுன்னு நெனச்சேன். தப்பாப் போச்சு."

மணல்திட்டின் மேலேயே பழியைப் போட்ட மனிதர்! கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்து போனது. நான் அவரை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அப்போது வந்தது அழுகைகூட இல்லை, தப்பித்தோம் என்ற நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலை பாலத்தில் தோணிகள் வரிசையாக நின்றன. நான் ஆபீஸ் காகிதங்களோடு அங்கே நின்றேன். ஒரு இளந்தண்டல் காப்டனின் தோணியைத் தாண்டிக் குதித்து, அடுத்த தோணிக்காரரிடம் போய், "காத்து எப்படிண்ணே?" என்று கேட்டான். காப்டன் காதில் விழாதவர் போலக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மூன்றடி தூரத்தில் நின்ற நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

அவர்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்னலே, பேயறஞ்சவன் மாதிரி நிக்க? அடுத்த வருசம் தாழ அடி."

"சரி அண்ணாச்சி" என்றேன்.

அடுத்த வருடம் அவர் ஆட வரவில்லை. பாலத்தில் அவரைக் காற்றுக் கேட்பவர்களும் குறைந்துபோனார்கள். அன்றைக்கு அவர் தாழத்தான் அடிக்கச் சொன்னார் என்பதை, அவர் இருந்தவரை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.