மாமனார் எடுத்த சீட்டு

கண்ணாடிக் கடையில் அவருக்குப் பெயர் சமாளி. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால், கூடவே வேலை செய்கிறவர்களே தலையைச் சொறிவார்கள். சும்மா வந்த பட்டமில்லை அது. ஜன்னலுக்கு வெட்டும்போது கண்ணாடியில் விரிசல் விழுந்தால் மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். இவர் அதை அப்படியே அலமாரிக் கதவுக்கு வெட்டிவிடுவார். அதிலும் விரிசல் விட்டால் படச் சட்டத்துக்கு. அதுவும் போனால் சுவர்க் கடிகார முகப்புக்கு. "உடைஞ்சு போச்சுன்னு ஏன்யா சொல்றே? சின்ன சைஸுன்னு சொல்லு" என்பார். முதலாளி திட்டிக்கொண்டே சிரிப்பார்.

இதே புத்தியைத்தான் சீட்டுக்கட்டுக்கும் கொண்டுபோனார். பணம் வைத்து ஆடுகிறவர் இல்லை, வித்தை காட்டுகிறவர். வித்தையும் சுமார்தான். விரலில் வேகம் போதாது, பொறுமை அதைவிடப் போதாது. ஆனாலும் மாமனார் வீட்டில் அவர்தான் மந்திரவாதி. அந்தப் பெருமை ஒரு மின்விசிறி போட்ட பிச்சை.

கல்யாணமான புதிதில், மனைவியின் சித்தி ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டுக்குள் செருகினார். கலைக்கும்போது சமாளிக்குக் கை நழுவியது. சீட்டெல்லாம் கொட்டிப் பறந்தன. அதில் ஒன்று மட்டும் மின்விசிறிக் காற்றில் சுழன்று போய்ச் சித்தியின் மடியில் மல்லாந்து விழுந்தது. "ஐயோ, இதுதான்! இதேதான் நான் எடுத்தது!" என்று சித்தி அலறினார். சித்தியைவிட அதிகமாக அதிர்ந்து போனவர் சமாளிதான். ஆனால் அதை வெளியில் காட்டினால்தானே? கையைக் கட்டிக்கொண்டு, இதெல்லாம் என்ன பெரிய விஷயம் என்பதுபோல் மெதுவாகத் தலையை ஆட்டினார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது, காக்கைக்குப் பேர் வந்தது.

அதிலிருந்து அவர் பிடித்துக்கொண்ட சூத்திரம் ஒன்றுதான். என்ன செய்யப் போகிறோம் என்று முன்னாலேயே சொல்லாதவரை, தப்பு நடந்தது ஒருத்தருக்கும் தெரியாது. சீட்டு கீழே விழுந்தால், அது விழ வேண்டிய சீட்டு. தவறான சீட்டு வந்தால், "இது இல்லன்னு எனக்கே தெரியும், நீங்க ஏமாறுறீங்களான்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு இன்னொரு வழியில் போவார். வித்தையைவிட இந்தச் சமாளிப்பில் அவருக்கு ருசி அதிகம். அந்த ருசிதான் ஆளைக் கவிழ்த்தது.

அவருடைய மாமனார் ஒரு மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவர். கறாரான மனிதர். எந்த மாத்திரை எந்தத் தட்டில், எதை எதோடு சேர்த்துத் தரக்கூடாது என்று எல்லாம் மனப்பாடம். வயது ஏறிய பின்னும் முதலாளி அவரை விடவில்லை. அவருக்குள் ஒரே ஒரு பயம் உண்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த பயம். அவருடைய அண்ணன் கடைசிக் காலத்தில் எல்லாவற்றையும் மறந்து, கட்டிய மனைவியையே "நீங்க யாரும்மா?" என்று கேட்டுவிட்டுப் போனவர். அதனால் மாமனார் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேட நேர்ந்தாலும் அன்று முழுக்க முகம் செத்துக் கிடப்பார்.

மைத்துனனுக்குப் பதவி உயர்வு கிடைத்ததென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல, "அத்தான், எடுங்க சீட்டுக்கட்ட!" என்றான் மைத்துனன். சமாளிக்குச் சுண்டுவிரலில் முந்தின நாள் கண்ணாடி கீறி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அந்தச் சுண்டுவிரல்தான் முக்கியம். எடுத்த சீட்டு திரும்பக் கட்டுக்குள் போகும் இடத்தில் சுண்டுவிரல் நுனியை அடையாளமாக வைக்க வேண்டும். துணி சுற்றிய விரலுக்கு உணர்ச்சி ஏது? இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மந்திரவாதி என்ன ஆவது?

மாமனார் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தார், திரும்பச் செருகினார். சமாளி வியர்வையைத் துடைக்கச் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார், துடைத்தார், திரும்ப வைத்தார். கலைத்தார். பிறகு ஒரு சீட்டை ஓங்கி மேசையில் போட்டார்.

"கிளாவர் ஏழு!"

"இல்லையே மாப்பிள்ளை. நான் எடுத்தது ஹார்ட்டின் ஒன்பது."

அதனாலென்ன, ஹார்ட்டின் ஒன்பதைத் தேடிப் பிடித்து வேறு விதமாக வரவைத்தால் போயிற்று என்று கட்டைத் தன் பக்கம் விரித்துப் பார்த்தார். ஹார்ட்டின் ஒன்பதைக் காணோம். இரண்டு தரம் பார்த்தார். இல்லவே இல்லை. காலையில் கட்டை வரிசையாக அடுக்கிப் பார்த்தவர் அவர்தான், அப்போது அது இருந்தது. ஆக, மாமனார் சொன்னதுதான் சரி, சீட்டு எங்கோ நழுவிவிட்டது. இது அவருக்கு அந்த நொடியிலேயே தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த வேலையைச் செய்தார்.

கட்டை முழுதாகத் திருப்பி மேசையில் பரப்பினார். "மாமா, இந்தக் கட்டுலயே ஹார்ட்டின் ஒன்பது கிடையாதே. இல்லாத சீட்ட எப்படி எடுத்தீங்க? எடுத்தது கிளாவர் ஏழுதான். மறந்துட்டீங்க!"

கூடம் அதிர்ந்தது. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. மாமனார் மட்டும் சீட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சீட்டு வரை பார்த்துவிட்டு, "அப்படியா... இருக்கும்" என்றார். தண்ணீர் குடிக்கிறேன் என்று எழுந்து போனவர் திரும்பி வரவில்லை.

மறுநாள் துணி துவைக்கப் போட்டபோது சமாளியின் சட்டைப்பையில் மனைவிக்கு அது கிடைத்தது. கைக்குட்டைக்குள், ஓரத்தில் பிளாஸ்திரியின் பசை அப்பிய ஹார்ட்டின் ஒன்பது. அவள் அதை ஈரக் கையோடு கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"அப்பா சொன்னதுதானே சரி?"

"சொல்லிக்கலாம், விடு."

"நீங்கதான் சொல்லணும். இன்னைக்கே சொல்லுங்க."

போனை எடுத்தார், வைத்தார். நேரில் சொன்னால்தான் மரியாதை என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டார். நேரில் போக வேலை ஒழியவில்லை என்று இன்னொரு சாக்கு. உண்மை என்னவென்றால் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கடையில் கண்ணாடி வெட்டும்போதெல்லாம் அதில் தெரியும் தன் முகத்தைப் பார்க்கக் கூசினார். அந்த வாரக் கடைசியில் மனைவிதான் செய்தி கொண்டுவந்தாள்.

"அப்பா வேலைய விட்டுட்டாராம். 'சீட்டு மாறினா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க, மாத்திரை மாறினா?'ன்னு முதலாளிகிட்டக் கேட்டாராம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் எல்லாரும் கூடியிருந்தார்கள், இந்தத் தரம் மாமனாரைத் தேற்றுவதற்கு. சமாளி செருப்பைக் கழற்றிய கையோடு நேரே அவர் முன்னால் போய் நின்றார். எல்லார் முன்னாலும் செய்ததை எல்லார் முன்னாலும்தான் அவிழ்க்க வேண்டும் என்று வழியெல்லாம் உருப்போட்டுக்கொண்டு வந்திருந்தார். சட்டைப்பையில் கை விட்டு அந்தச் சீட்டை எடுத்தார்.

"மாமா, நீங்க அன்னைக்கு எடுத்தது இதுதான். ஹார்ட்டின் ஒன்பது. நீங்க மறக்கல. நான்தான்..."

முடிக்கவில்லை. மைத்துனன் துள்ளி எழுந்தான். "அடேயப்பா! இதுக்காகவா அத்தான் ஒரு வாரம் காத்திருந்தீங்க!" பட்பட்டென்று கை தட்டல். சித்தி விசில் அடிக்காத குறை. அவர் வாழ்நாளில் அதற்கு முன் அப்படி ஒரு கைதட்டல் வாங்கியதில்லை.

"வித்தை இல்ல! சத்தியமா வித்தை இல்ல!" என்று கத்தினார். அதற்கும் சிரித்தார்கள். "பொய் சொன்னேன் மாமா. சீட்டு பிளாஸ்திரில ஒட்டிக்கிட்டுப் பைக்குள்ள போயிடுச்சு. நீங்க சொன்னது சரின்னு தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன். மானம் போயிடும்னு சொன்னேன்." குரல் உடைந்ததும்தான் கூடம் அடங்கியது.

மனைவி முன்னால் வந்தாள். "நிஜம்தாம்பா. துவைக்கும்போது நான்தான் எடுத்தேன்."

மாமனார் அந்தச் சீட்டை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பசை அப்பிய ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு, கடையில் வலியோடு வருகிறவர்களிடம் பேசும் குரலில், மெதுவாகப் பேசினார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. அண்ணனுக்கும் நாங்க இப்படித்தான் சொன்னோம். சாவிய அவர் எங்கயாவது வெச்சுட்டுத் தேடுவாரு. 'நீங்க மறக்கலண்ணே, நான்தான் இடம் மாத்தி வெச்சேன்'னு நானே எத்தனை தடவ சத்தியம் பண்ணியிருக்கேன் தெரியுமா? அண்ணியும் ஆமா ஆமான்னு கூடவே சொல்லுவாங்க."

"ஐயோ, அப்படி இல்ல மாமா..."

"பரவாயில்ல, விடுங்க." மாமனார் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, மகளைப் பார்த்தார். "எனக்காக எல்லார் முன்னாலயும் தன்னையே பொய்யன்னு சொல்லிக்கிறாரு பாரு. தங்கமான மனுஷன்மா."