டிக் போட்ட மாத்திரைகள்

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் நான் ஆயாவாக வேலை பார்த்தேன். விரிப்பு மாற்றுவது, தரை துடைப்பது, நடக்க முடியாதவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவது. மருந்துப் பக்கம் மட்டும் போகக் கூடாது. எதிரில் ஆள் நின்றாலே எனக்கு வாய் திறக்காது. அதனாலேயே நல்ல ஆயா என்று பெயர் வாங்கியிருந்தேன்.

பெரிய நர்சம்மா வேலையில் வேகம். காலையில் மேசையில் உட்கார்ந்தபடியே எல்லா சார்ட்டிலும் மாத்திரை கொடுத்ததாக டிக் போட்டுவிடுவார். அதற்கப்புறம்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாக மாத்திரையை வைத்துக்கொண்டே போவார். முழுங்கினார்களா என்று பார்க்க அவருக்கு ஏது நேரம்? டாக்டர் வரும்போது சார்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்காது.

ஊருக்குள்ளேயே சாரம் பகுதியிலிருந்து ஒரு அம்மா பிரஷருக்காக வந்து சேர்ந்திருந்தது. அதன் வீட்டுக்காரர் மில் வேலை போய் வீட்டில் இருந்தவர். ஒருநாள் தலையணை உறை மாற்றும்போது உள்ளே மாத்திரைகள் இருந்தன. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டது.

"சொல்லிடாத ஆயாம்மா. அவருக்கு முட்டி வலி. வெளிய வாங்கற மாத்திரை எதுவும் கேக்கல. இது ஆஸ்பத்திரி மாத்திரையாச்சே, கேக்கும்."

"உனக்கு?"

"எனக்கு இங்க படுத்திருந்தாலே போதும்."

சாயங்காலம் வீட்டுக்காரர் பார்க்க வந்தால், சாப்பாட்டுக் கேரியரோடு மாத்திரையும் போய்விடும். நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது என்று யோசிப்பதிலேயே ஒரு வாரம் போனது.

டாக்டர் சார்ட்டைப் பார்ப்பார், பிரஷரைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். ஒரு மாத்திரையை இரண்டாக்கினார். இரண்டும் கேட்கவில்லை என்று காலையில் மூன்று, மாலையில் மூன்று ஆக்கினார். இவ்வளவு முரட்டு பிரஷரைத் தான் பார்த்ததே இல்லை என்று நர்சம்மாவிடம் சொன்னார்.

அடுத்த நாள் பெரிய நர்சம்மா லீவு. படிப்பு முடித்துப் புதிதாக வந்திருந்த சின்ன நர்சு, புத்தகத்தில் உள்ளபடியே செய்தது. தண்ணீரை நீட்டி, மூன்றையும் எதிரிலேயே முழுங்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தது. அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் பாத்ரூம் போக எழுந்த அம்மா அப்படியே சரிந்தது. தாங்கிப் படுக்க வைத்தேன். உடம்பு சில்லிட்டுப்போய் வேர்த்திருந்தது. சின்ன நர்சு பிரஷர் பார்த்துவிட்டு, மறுபடியும் பார்த்தது.

மாலை வேலைக்கு வந்த இன்னொரு நர்சம்மா சார்ட்டைப் புரட்டினார். "நேத்து சாயங்காலமும் இதே மூணுதான். அப்ப ஒண்ணும் ஆவல. வெறும் வயித்து மயக்கம்தான். காப்பி குடுத்துட்டு மாத்திரையப் போடு."

சின்ன நர்சு மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டது. இன்னும் மூன்று உள்ளே போனால் அந்த அம்மா விடிய இருக்காது என்று எனக்குத் தோன்றியது. குரல் எங்கிருந்தோ வந்தது.

"அந்தம்மா இன்னிக்கிதான் மாத்திர சாப்ட்டுது."

"ஒரு வாரமா டிக் போட்டிருக்கே?" மாலை நர்சம்மா சார்ட்டை என் பக்கம் நீட்டினார்.

"டிக்கு நர்சம்மாங்க நீங்கல்லாம் போட்டதும்மா. சாப்ட்டது அது வூட்டுக்காரரு."

மாத்திரை வைத்திருந்த சின்ன நர்சின் கை கீழே இறங்கியது. டாக்டரைக் கூப்பிட ஆள் ஓடியது. கட்டிலின் கால்மாட்டைத் தூக்கி வைத்து, ராத்திரி பூராவும் பிரஷர் பார்த்தார்கள். அந்த அம்மா பிழைத்துக்கொண்டது.

வீட்டுக்காரரையும் வரவழைத்துப் பார்த்தார்கள். "தல சுத்துது டாக்டர், எழுந்திருக்க முடியல. ஆனா முட்டி வலி சுத்தமா போயிடுச்சி" என்றார். நாளெல்லாம் படுத்தே கிடந்தவருக்கு முட்டி எப்படி வலிக்கும்? டாக்டர் அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு மாத்திரை என்று மாற்றி எழுதினார். நாலே நாளில் முரட்டு பிரஷர் இறங்கிவிட்டது. அது வரைக்கும் அந்த அம்மா என்னோடு பேசவில்லை.

மறு வாரம் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். அஞ்சாம் வகுப்பு படித்தவள்தானே, எழுத்துக் கூட்டிப் படித்தேன். மருந்து விஷயத்தில் ஆயாக்கள் தலையிடக் கூடாது என்றிருந்தது.

அந்த அறிவிப்புக்குக் கீழேதான் பெரிய நர்சம்மாவின் மேசை. அன்றிலிருந்து மாத்திரை கொடுத்துவிட்டு வந்தபிறகே டிக் போடுவார். பேனாவை எடுத்ததும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டினால் போடுவார்.