பெயர் சொல்லாத ஏலே

தூத்துக்குடியில் என்னை ‘ஏலே’ என்று கூப்பிட ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரன், டிரில் மாஸ்டர் வேலைக்காக அங்கே போனவன். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் சார். கடைத்தெருவில் வாத்தியாரையா. வேறொரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டு என்னோடு ஒரே அறையில் குடியிருந்தவன் மட்டும் காலையில் என் காலைத் தட்டி, “ஏலே, எந்திலே, காப்பி ஆறுது” என்பான். அதைக் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடியும்.

அவனுக்குக் கால்பந்துப் பைத்தியம். அவன் பழக்கிய பையன்கள் ஒரு தடவையாவது ஜில்லாப் போட்டிக்குப் பாளையங்கோட்டை வரைக்கும் போய் ஆட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. யுத்த காலம். ஒட்டுப் போட்ட பந்து, வெறுங்கால், உப்பு பூத்த தரை. சட்டமும் ஒட்டுப் போட்டதுதான், விசில் வைத்திருக்கிறவன் சொன்னதே சட்டம்.

அந்த வருஷம் ஹைஸ்கூல் ஆட்டங்களும் காலேஜ் சட்டப்படியே நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ரெப்ரீக்களுக்குக் காலேஜில் மூன்று நாள் வகுப்பு. எங்கள் ஊரிலிருந்து நான் ஒருத்தன்தான் போனேன். திரும்பி வரும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை, பெரிய நீதிபதி என்று நினைப்பு. கூட்டாளியின் பெயர் சொல்லாமல் வெறுமனே ‘விடு’ என்று கத்தினால் எதிராளியை ஏமாற்றுவதாகும், விசில் ஊதிப் பந்தை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அதை நண்பனிடம் சொல்லத்தான் வாய் வந்தது. ரெப்ரீ ஒரு பக்கத்துக்கு மட்டும் சொல்லலாமா என்று அடக்கிக்கொண்டேன். இரண்டு பக்கத்துக்கும் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை, மடையன்.

நண்பனின் பையன்களுக்குத் திருச்செந்தூர்ப் பையன்களோடு ஆட்டம். ஜெயித்தால் பாளையங்கோட்டை. நான்தான் ரெப்ரீ. கடைசி ஐந்து நிமிஷம் வரை கோல் இல்லை. அப்போது நண்பனின் பையன்களில் ஒருத்தன் பின்னாலிருந்து ஓடிவந்து, தன் கூட்டாளியைப் பார்த்து, “ஏலே, விடு” என்று கத்தினான். கூட்டாளி விட்டான். குறுக்கே நின்ற திருச்செந்தூர்ப் பையனும் விட்டான். பந்து கோலுக்குள் போய்விட்டது.

நான் விசில் ஊதினேன். கோல் இல்லை என்றேன்.

பந்தை விட்ட திருச்செந்தூர்ப் பையனிடம், “நீ ஏம்லே நின்னே?” என்று கேட்டேன். “எங்க கோல்கீப்பர்தான் கூப்பிடுதான்னு நெனச்சேன் சார்” என்றான். பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் ஏலே என்று பெயரில்லை? காலேஜ் சட்டம் என் கண் முன்னால் அப்படியே நடந்திருந்தது. அடுத்த நிமிஷமே திருச்செந்தூர்ப் பையன்கள் கோல் போட்டார்கள். ஆட்டமும் முடிந்தது.

நண்பன் மைதானத்துக்குள் வந்தான். “ஏலேன்னு கூப்பிட்டதுக்கா ஊதினே?”

“சட்டம்லே அது.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா.”

அழுதுகொண்டிருந்த பையன்களைக் கூட்டிக்கொண்டு அவன் துறைமுக ரோட்டோடு போய்விட்டான். நான் விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தனியாக அறைக்கு வந்தேன்.

மறுநாள் காலை யாரும் என் காலைத் தட்டவில்லை. கண் விழித்துப் பார்த்தால் தலைமாட்டில் காப்பி இருந்தது. “சார், காப்பி வச்சிருக்கேன்” என்றான், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ‘சார்’ நெஞ்சில் குத்தியது. அந்த மாதமே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். எதிரே பார்த்தால் வணக்கம் சார் என்பான், நானும் வணக்கம் சார் என்பேன்.

மறு வருஷம் நான் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். டிரங்குப் பெட்டியோடு ஸ்டேஷனில் நின்றபோது பின்னாலிருந்து, “ஏலே, நில்லு” என்று ஒரு குரல். பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். என்னோடு இன்னும் நாலைந்து பேர் திரும்பினார்கள். யாரோ ஒருத்தன் தன் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினான்.

சட்டம் எழுதினவன் தப்பாக எழுதவில்லை. அந்தக் கூப்பாடு எனக்கில்லை என்று தெரிந்தும், வண்டி வரும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.