எல்லாவற்றுக்கும் அனுமதி

போன ஞாயிற்றுக்கிழமை, சிங்கம்புணரியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் கல்லலில் என் அண்ணன் நடத்தும் கல்யாண மண்டபத்து வாசலில் வந்து இறங்கினார்கள். கல்யாணத்துக்கு அல்ல... சண்டைக்கு!

"பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் குடுத்தாச்சு. எங்கள ஒரு வார்த்த கேக்காம எப்புடி ரத்து பண்ணுவீக?" என்று, மண்டபத்தைப் பதிவு செய்திருந்த கல்யாணப் பெண்ணின் அப்பா போனை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினார். ‘உங்கள் மண்டப முன்பதிவு ரத்து செய்யப்பட்டது. நன்றி.’ அந்த நன்றிதான் மனிதரை ரொம்பச் சுட்டிருக்க வேண்டும்.

அனுப்பியது யார்? வேறு யார்... என் கணவர்தான்.

காரைக்குடியில் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவர். அண்ணனின் மண்டப புக்கிங்குக்கு ஒரு வெப் ஆப் செய்து தருவதாகக் கிளம்பினார். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய புரோகிராமை ஓட்ட ஊரே ‘நோட்’ என்ற மென்பொருளை வைத்திருக்கிறது. இவருக்கு அது ஆகாதாம். ‘டெனோ’தான் வேண்டுமாம்.

"அது ரொம்ப சேஃப். நம்மளக் கேக்காம ஒரு ஃபைலத் தொடாது, நெட்டுக்குப் போகாது" என்றார் பெருமையாக.

எனக்குப் பொறாமையாகவே இருந்தது. என்னைக் கேட்காமல் சோபா வாங்கியவர், என்னைக் கேட்காமல் என் அண்ணனுக்கே வாக்குக் கொடுத்தவர், கேட்டுச் செய்கிற ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறார்!

ப்ராஜெக்டை ஓட்டினார். இந்த ஃபைலைப் படிக்கலாமா என்று கேட்டது. சரி. செட்டிங்கைப் பார்க்கலாமா? சரி. நெட்டுக்குப் போகலாமா? அவ்வளவுதான், பொறுமை போய்விட்டது. "சும்மா நைநைனு கேட்டுக்கிட்டு!" என்று, எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக அனுமதி கொடுக்கிற ஆப்ஷனைப் போட்டுவிட்டார்.

நம்ம ஊர் ஆண்கள் இருக்கிறார்களே... பங்காளி வீட்டு விசேஷத்துக்குத் தங்களைக் கேட்காமல் தேதி வைத்தால் பேச்சுவார்த்தையே கிடையாது. கேட்டாலோ, ‘இதையெல்லாமா எங்கிட்ட கேப்பாக?’

அப்புறம், ரத்துச் செய்தி ஒழுங்காகப் போகிறதா என்று சோதித்துப் பார்த்தார். சோதனைக்குப் போட்ட நம்பரோ, அண்ணன் கொடுத்த நிஜமான வாடிக்கையாளர் நம்பர். ஒழுங்காகவே போயிருக்கிறது — சிங்கம்புணரி வரை.

அண்ணன் போன் போட்டதும் நாங்கள் அலறியடித்துக்கொண்டு கல்லலுக்கு ஓடினோம். அண்ணன் ஆடிப்போய் உட்கார்ந்திருந்தார். மண்டபத்தின் பெயர் கெட்டால் அடுத்த முகூர்த்தத்துக்கு யார் வருவார்கள்?

"ஏன் மாப்ள, அனுப்புறதுக்கு முன்னாடி அது உங்களக் கேக்காதா?"

"கேக்கும் மச்சான்... நாந்தான் கேக்க வேணாம்னுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணம் அதே தேதியில் அங்கேதான் என்று அண்ணன் கையைப் பிடித்துச் சொன்ன பிறகே பெண்ணின் அப்பா இறங்கி வந்தார். அதுவும் ஒரு நிபந்தனையோடு. இனிமேல் போன் பண்ணிக் கேட்காமல் ஒரு மெசேஜும் வரக்கூடாது. அண்ணன் அதை எல்லா வாடிக்கையாளர்களுக்குமே சட்டமாக்கி, போன் போடுகிற வேலையை இவர் தலையிலேயே கட்டிவிட்டார்.

ஆக, ஆப் இப்போது தயார். ஒவ்வொரு மெசேஜுக்கும் முன்னால் என் கணவர் போன் போட்டு, "ஐயா, ஒரு மெசேஜ் அனுப்பட்டுமாய்யா?" என்று அத்தனை பணிவாகக் கேட்கிறார்.

கட்டிக்கொண்டவள் நான்... எனக்கே அந்தக் குரல் புதுசு!