கையை மோந்து பார்த்தவர்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். கார் சாவியை முதலாளி எதிரில் வீசிவிட்டு வந்த கோபம் அடங்கவில்லை.

அவருடைய பெரிய ஹைபிரிட் காருக்கு நான் டிரைவர். அவருக்குப் பருத்த உடம்பு, குழந்தை முகம், எப்போதும் வெள்ளைச் சட்டை. லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் ஓடுவதாக வண்டியின் திரை காட்டும். டேங்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தால் பதினாலுதான் வரும். மீதியை நான் உறிஞ்சி விற்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். தினமும் சாயங்காலம் என் கையைப் பிடித்து, பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்ப்பார். அன்று தன் மருமகன் எதிரிலேயே மோந்தார்.

“நான் திருடல சார்.”

“வண்டி பொய் சொல்லுமா நைனா? இம்மாம் துட்டு குட்த்து வாங்கிக்கீறேன்.”

“அப்போ நான் பொய் சொல்றனா?”

“நான் அப்டி சொன்னனா? கையத்தான காட்டச் சொன்னேன். இதுக்கு இன்னாத்துக்குக் கோவப்படுற?”

அவர் கேலி செய்யவில்லை. “சாப்டியா நைனா?” என்று கேட்பதும் இதே குரலில்தான். அதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை ஆவடியில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். மதியத்துக்குள் கையெல்லாம் பெட்ரோல் வாடை. இப்போது வந்து மோந்து பார்க்கட்டும்.