பேச்சி கடை ஈ டப்பா

மீன் லாரி போனதும் ரோட்டில் ஒரு ஈரக்கோடு விழும். ஐஸ் கரைந்து சொட்டிய தண்ணீர். வெயில் ஏறினால் கோடு காய்ந்துவிடும், வாடை மட்டும் நிற்கும். அதன் பின்னாலேயே ஈ வரும்...

பந்தல்குடி தாண்டி, தூத்துக்குடி ரோட்டோரம் நானும் என் வீட்டுக்காரரும் சாப்பாட்டுக் கடை போட்டிருந்த காலம் அது. எதிரே பேச்சி கடை. நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இரண்டு கடையிலும் அதே சோறு, அதே மீன் குழம்பு, அதே ஈ.

ஒரு சித்திரையில் அவள் கடையில் மட்டும் ஈ குறைந்தது.

என் வீட்டுக்காரர்தான் முதலில் கவனித்தார்.

"அந்தக் கடையப் பாரு. டிரைவருக நிம்மதியாச் சாப்புடுறாக. நம்மகிட்ட ஒரு கை சாப்புட, ஒரு கை ஈ ஓட்ட."

என் குழம்பைப் பற்றி அவர் ஒரு நாளும் இத்தனை வார்த்தை பேசியதில்லை.

விசாரித்தேன். அருப்புக்கோட்டையில் கோழிப் பண்ணைச் சாமான் விற்கும் கடையிலிருந்து மஞ்சள் மூடி போட்ட டப்பா வாங்கியிருக்கிறாள். உள்ளே மருந்தைத் தண்ணீரில் கலக்கி வைத்தால், அந்த வாடைக்கு ஈ ஓட்டை வழியாக இறங்கும். வெளியே வரத் தெரியாமல் அதிலேயே சாகும். நிறைந்ததும் குழியில் கொட்டி மூடிவிட்டு, மறுபடி கலக்கித் தொங்கவிடலாம்.

எங்கே தொங்கவிட்டிருக்கிறாள் என்று மட்டும் நான் கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

முதலில் வாயால் அவள் வியாபாரத்தைக் கெடுக்கப் பார்த்தேன். உப்பு லோடு டிரைவர் ஒருவரிடம், "அவ கடையில ஏதோ அழுகுனதப் போட்டு வச்சிருக்கா... வாடை வரலையா ஒங்களுக்கு?" என்றேன். இரண்டு நாள் அவர் எங்களிடம் சாப்பிட்டார். மூன்றாம் நாள் அங்கேயே போய்விட்டார்.

பிறகு பஸ் ஏறிப்போய் அதே மாதிரி டப்பா வாங்கிவந்தேன். கடைக்காரரிடம் கேட்டு, அவள் வாங்கியதைவிடப் பெரியதாக. ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டும் என்று கடை வாசல் கம்பிலேயே கட்டினேன்.

மறுநாள் மத்தியானம் ஊர் ஈ எல்லாம் என் கடையில். குழம்புச் சட்டி, இலை, கரண்டிக் காம்பு... ஒரு டிரைவர் பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்தார். என் வீட்டுக்காரர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் பேச்சி ரோட்டைத் தாண்டி வந்தாள். யாரையும் கேட்காமல் டப்பாவை அவிழ்த்தாள். கடைக்குப் பின்னால் ரொம்ப தூரம் நடந்து, ஒரு கருவேல மரத்தில் கட்டிவிட்டு வந்து என் தொட்டியில் கை கழுவினாள்.

"இது ஈய வெரட்டுற சாமான் இல்ல, கூப்புடுற சாமான். தள்ளி வச்சாத்தான் அங்கிட்டுப் போகும்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"டிரைவர்ட்ட நீ சொன்னது எனக்குத் தெரியும் செல்வி."

"அப்புறம் எதுக்கு வந்த?"

"ஒன் கடை ஈ, ரோட்டத் தாண்டி என் கடைக்குத்தான வரும்."

போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நாலு நாளில் ஈ அடங்கியது. "பேச்சி கெட்டிக்காரி" என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

எங்கள் கடையை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு ஹாஸ்டலில் சமைக்கிறேன். ஜன்னலுக்கெல்லாம் வலை. ஒரு ஈ கிடையாது.

போன மாதம் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனேன். எங்கள் கடை இருந்த இடம் வெறும் தரை. பேச்சி கடை இரண்டு மாடி, ஏ.சி. ஹால். கல்லாவில் அவளேதான் உட்கார்ந்திருந்தாள்... எனக்கு அதே மாதிரி வயிறு எரிந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும்.

அந்த நாட்களில் கண் விழித்ததும் எதிரே பேச்சி கடையில் புகை கிளம்பிவிட்டதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அவளுக்கு முன்னால் என் அடுப்பு எரிய வேண்டும். இப்போது என்னோடு ஆறு பேர் சமைக்கிறார்கள், எல்லாரும் நல்லவர்கள். யார் அடுப்பு முதலில் எரிந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை...